நூலகத்திலும் ஒரு முக்கூடல்

முக்கூடல் என்ற பெயருக்கு நெல்லைச் சீமையில் இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடலாம். ஒன்று, பாப்பாக்குடிக்கு அருகே தாமிரபரணியின் வடகரையில், பீடித் தொழிலால் பெயர் பெற்ற இன்றைய முக்கூடல் பேரூர். மற்றொன்று, நெல்லைக்கு வடகிழக்கே சீவலப்பேரியை ஒட்டி, சிற்றாறும் கயத்தாறும் தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் முற்காலத்தில் வழங்கிய முக்கூடல். அழகர் கோயில் கொண்டுள்ள இந்த இரண்டாவது இடத்தையே முக்கூடற்பள்ளு பாடுகிறது என்பது அறிஞர் கருத்து.

முதல் முக்கூடலில் பிறந்த ஒரு மாணவி, பாளையங்கோட்டைக்குப் பேருந்தேறிச் சென்று தமிழ் முதுகலை பயில்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும்போது முக்கூடற்பள்ளு அவள் கண்ணில் படுகிறது. "இது எங்கள் ஊரைப் பற்றிய நூலாயிற்றே!" என்று மகிழ்ந்து, அதையே தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறாள். அந்த முக்கூடல் வேறு, தன் ஊர் வேறு என்பதை அவளுக்கு உரிய காலத்தில் எடுத்துரைப்பவர் யார்? எந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும், இதே பொருளில் முன்னர் எவரெவர் ஆய்ந்துள்ளனர், அவ்வாய்வேடுகள் எங்கே கிடைக்கும் என்று காட்டுபவர் யார்? நெறியாளரின் பொறுப்பில் மாணவர் பலர் இருப்பர். வீட்டிலோ, கல்லூரிப் படியை மிதித்தவர் அவளுக்கு முன் எவரும் இலர். எஞ்சி நிற்பவர் ஒருவரே. அவர்தாம் கல்லூரி நூலகர்.

கல்லூரி நூலகர் என்றதும், புத்தகத்தைக் கொடுத்து, தேதி முத்திரை குத்தி, திரும்பி வரும்போது தண்டம் வசூலிப்பவர் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் மாற வேண்டும். அதிலும் இப்பணியில் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளைஞரும் இளம்பெண்களும் அதனை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலில் நிற்பவர்கள்

முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் இல்லங்கள் பல. மடியில் தட்டை ஏந்தி, இலையை அளவாய் வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூலால் கட்டுகிறார் தாய். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுகிறது. அந்தக் கூலியில்தான் மகளின் பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அடங்க வேண்டும். தாயின் கையில் இருப்பதும் நூல், மகள் தேடிப் போவதும் நூல். இடையில் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அந்தத் தாய்மார்களே அறிவர்.

இத்தகைய இல்லத்திலிருந்து வரும் பிள்ளை, பெரிய நூலகத்தின் வாசலில் சற்றே தயங்கி நிற்பதில் வியப்பில்லை. பட்டியலில் எப்படித் தேடுவது என்று அவளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று நகைப்பார்களோ என்ற அச்சம். வகுப்பு முடிந்து நூலகத்துக்கு வருவதற்குள் ஊருக்குச் செல்லும் பேருந்தின் நேரம் நெருங்கிவிடுகிறது. நூல்களும் அலமாரிகளும் குறைவின்றி இருக்கின்றன. ஆயினும் அவளைப் பொறுத்தவரை அந்நூலகம் பூட்டிக் கிடப்பது போன்றதே.

நெல்லையில் கல்விக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. இயேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரி 1923-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் தோன்றியது. சாராள் தக்கர் கல்லூரி அதற்கும் முந்தியது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் நிறுவப்பட்டு அபிசேகப்பட்டியில் இயங்குகிறது. தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையை நாம் பெருமையோடு அழைக்கிறோம். அப்பெருமை நிலைப்பது, வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையை உள்ளே அழைத்துச் செல்ல ஆள் உண்டா என்பதைப் பொறுத்ததே.

ஓடிவிட எண்ணிய நூலகர்

இந்தியாவில் நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதனின் முதல் ஆண்டுகள், இன்று பணியில் சேரும் இளைஞர்க்குப் பெரிதும் ஆறுதல் தரக்கூடியவை.

அவர் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். இளமை முதலே திக்குவாயால் துன்புற்று, விடாமுயற்சியால் அதனை வென்றவர். கணிதம் பயின்று, கல்லூரிகளில் கணித ஆசிரியராய்ப் பெயர் பெற்றவர். 1924-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய்ப் பொறுப்பேற்றார். ஏற்ற சில நாட்களிலேயே அவருக்கு அப்பணி கசந்தது. மாணவர் சூழ வகுப்பு நடத்திப் பழகியவருக்கு, பேச்சுத் துணையற்ற நூலக அறை சிறையாய்த் தோன்றியது. தாம் முன்பு பணிபுரிந்த மாநிலக் கல்லூரியின் முதல்வரிடம் சென்று, ஆசிரியப் பணியையே திரும்பத் தருமாறு வேண்டினார். முதல்வரோ, நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று வருமாறும், அதன் பின்னரும் சலிப்பே மிஞ்சினால் பழைய இடம் காத்திருக்கும் என்றும் கூறி அனுப்பினார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவர் பயின்றார். பெர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியரின் வழிகாட்டுதலால் குராய்டன் நகரப் பொது நூலகத்தை அணுகிக் கண்டார். அங்கு நூறு நூலகங்களுக்கு மேல் பார்வையிட்டதாகச் சொல்லப்படுகிறது. தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் உரிமையோடு வந்து நூலெடுத்துச் செல்வதையும், அவரவர் தேவையைக் கேட்டறிந்து நூலகப் பணியாளர் உதவுவதையும் கண்ட பிறகு, நூலகம் என்பது காவற்கூடம் அன்று என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது. 1925-இல் தாயகம் திரும்பியவர், மீண்டும் கணித வகுப்பைக் கேட்கவில்லை. 1944 வரை அந்நூலகத்திலேயே உழைத்தார்.

சலித்தவரும் அவரே, நிலைத்து நின்றவரும் அவரே. இடையில் மாறியது, நூலகத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த பார்வை. முன்பு நூல்களைக் கண்டவர், இப்போது நூல்களைத் தேடி வரும் மனிதரைக் கண்டார்.

மூன்றும் கூடுமிடம்

சென்னைக்குத் திரும்பிய அரங்கநாதன், வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்கும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். தேடி வருவோரின் ஐயத்தைக் கேட்டு வழிகாட்டுவதற்கென்றே பணியாளர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நோக்குநூற் பணி எனப்படும் அந்தச் சேவையைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1931-இல் வெளிவந்த நூலக இயலின் ஐந்து விதிகள் என்னும் அவருடைய நூல் உலகெங்கும் பயிலப்படுகிறது. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். இவையே அவ்விதிகளின் சாரம்.

நூல், வாசகர், பணியாளர் என்னும் மூன்றும் சேர்ந்தாலே நூலகம் என்பது அவர் கொள்கை. ஒன்று வற்றினாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். அதனை நம் நெல்லைச் சொல்லால் ஒரு முக்கூடல் எனலாம் அன்றோ?

இந்த எண்ணம் கல்லூரிச் சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. அதே 1931-ஆம் ஆண்டு, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய் அனுப்பினார். நூலகத்துக்கு வர இயலாத உழவரைத் தேடி நூலகமே சென்றது. பின்னர், அரங்கநாதன் போன்றோரின் தொடர்ந்த முயற்சியால், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நம் ஊர்களில் இன்று காணும் கிளை நூலகங்களுக்கு அச்சட்டமே அடித்தளம்.

விரலால் படிப்போர், செவியால் படிப்போர்

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்னும்போது, பார்வையற்ற மாணவரை விட்டுவிட்டு நாம் பேசலாகாது. இத்துறையில் பாளையங்கோட்டைக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1890-ஆம் ஆண்டிலேயே ஆஸ்க்வித் அம்மையார் என்னும் ஆங்கிலேயச் சமயத்தொண்டர் இங்கே பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கி, தமிழைப் பிரெயில் புள்ளிகளில் வடித்துக் கற்பித்தார். விரல் நுனியால் தமிழ் படிக்கும் வழியைத் திறந்து வைத்த ஊர்களுள் நம்முடையதும் ஒன்று.

இன்று பார்வையற்ற மாணவர் கல்லூரியிலும் ஆய்வு வகுப்பிலும் பயில்கின்றனர். கணினித் திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றுள் விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு. ஆயினும் இங்கே ஓர் இடர் உள்ளது. பழைய தமிழ் நூலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருந்தால், கணினிக்கு அது வெறும் படமே. அதில் எழுத்து இருப்பதை அந்த மென்பொருள் அறியாது. முற்காலத்து எழுத்துருக்களில் தட்டெழுதிய கட்டுரைகளையோ பொருளற்ற ஒலிகளாய் உளறும். அப்பக்கங்களை ஒருங்குறி எழுத்தாக மாற்றி, பிழை திருத்திக் கொடுத்தால்தான் அந்த மாணவர் பிறரைப் போலத் தாமே படிக்க முடியும். பிறர் வந்து படித்துக் காட்டும்வரை காத்திருக்கும் நிலை நீங்கும்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை இலாப நோக்கின்றி மாற்றித் தருவதை அனுமதிக்கிறது. 2013-இல் மொரோக்கோ நாட்டு மராகேசு நகரில் இதற்கென உலக உடன்படிக்கை உருவானது. 2014-இல் அதனை முதன்முதலாக ஏற்று உறுதி செய்த நாடு நம் இந்தியாவே. அடுத்து 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் இத்தகைய வாசகர்களுக்கென்று தொடங்கப்பட்டது. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு.

சட்டமும் கருவியும் இவ்வாறு முன்வந்து நிற்கின்றன. ஆயினும் ஒரு கல்லூரியின் குறிப்பிட்ட ஒரு மாணவருக்கு, அடுத்த மாதத் தேர்வுக்குத் தேவையான குறிப்பிட்ட நூலை, படிக்கத்தக்க வடிவில் கையில் சேர்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்த வேலையைச் சட்டம் செய்யாது; நூலகரே செய்ய வேண்டும்.

இளம் நூலகருக்கு ஒரு சொல்

நூலக அறிவியலில் பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்திருக்கும் இளையோரே, உங்கள் முதல் ஆண்டுகள் பதிவேட்டிலும் முத்திரையிலும் முதுகுச் சீட்டு ஒட்டுவதிலுமே கழியக் கூடும். அவையும் தேவையான பணிகளே. ஆயினும் மேசையை விட்டு நாள்தோறும் சிறிது நேரமாவது எழுந்து செல்லுங்கள். வகுப்பறைக்குச் சென்று, நூலகத்தில் என்ன உள்ளது, எப்படித் தேடுவது என்று பதினைந்து நிமிடம் பேசுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய தமிழ் நூல்கள் இலவசமாய்க் கிடைப்பதையும், சோத்கங்கா என்னும் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படிக்கலாம் என்பதையும் மாணவருக்குக் காட்டுங்கள். முன்னர் எவரேனும் செய்து முடித்த ஆய்வையே அறியாமல் மீண்டும் செய்து, இரண்டாண்டு உழைப்பை வீணாக்கும் பிள்ளையை அதனால் காப்பாற்றலாம்.

கேட்க வருபவரிடம், "என்ன புத்தகம் வேண்டும்?" என்று மட்டும் வினவாதீர்கள். "எதைப் பற்றித் தேடுகிறாய் அம்மா?" என்று கேளுங்கள். முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது. தன் மனத்தில் உள்ள வினா மட்டுமே தெரியும். கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டிய மாணவிக்கு, மறுநாள் வந்ததும் எடுத்துக்கொள்ளும்படி நூலைத் தனியே எடுத்து வையுங்கள். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்னும் நான்காம் விதி, முக்கூடல் பேருந்துக்கும் பொருந்தும்.

சலிப்பு வரத்தான் செய்யும். ஊதியம் போதாதென்றும், உடன் பணிபுரியும் பேராசிரியர்கள் தங்களுக்கு நிகராய் மதிப்பதில்லை என்றும் மனம் புழுங்கும் நாட்களும் உண்டு. அத்தகைய நாட்களில், பணியேற்ற சில நாட்களிலேயே ஓடிவிட எண்ணிய அரங்கநாதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் செய்யக் கூடியது

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ கல்லூரியில் சேர்ந்ததும், கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படி என்று விசாரிக்கிறீர்கள். அத்துடன், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் கேட்டறியுங்கள். "இன்று நூலகத்துக்குப் போனாயா? யாரிடம் பேசினாய்?" என்று வாரம் ஒருமுறை வினவுங்கள். நீங்கள் எழுத்தறியாதவராய் இருப்பினும் இந்த வினாவைக் கேட்கலாம். நூலகத்தில் தங்கிப் படித்துவிட்டு அடுத்த பேருந்தில் வருகிறேன் என்று மகள் சொன்னால், ஐயுற்று அதட்டாமல், வந்து சேரும் நேரத்தில் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். அவளுடைய ஆய்வுக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

நூலகப் பணியை விரும்பும் பிள்ளையை, "புத்தகம் அடுக்கவா பட்டம் வாங்கினாய்?" என்று கேட்டு மனம் ஒடியச் செய்யாதிருப்போம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் நாளைத் தேசிய நூலகர் நாளாய்க் கொண்டாடுகிறோம். அன்று மேடையில் போர்த்தும் பொன்னாடையைவிட, தம் நூலகத்தின் வாசலில் தயங்கி நின்ற ஒரு பிள்ளை அவ்வாண்டு ஆய்வேட்டை முடித்தாள் என்ற செய்தியே ஒரு நூலகருக்கு உண்மையான சிறப்பாகும்.