செல்லாக்காசும் பிழைக்காசும்

மலைநாட்டுத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் சிலவற்றின் தகரப் பெட்டிகளில், மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி ரூபாய்கள் இன்றும் இருக்கின்றன. விக்டோரியா மகாராணியின் தலையோ, எட்வர்ட், ஜார்ஜ் மன்னர்களின் தலையோ பொறித்த இந்திய ரூபாய்கள் அவை. மாலையில் கோப்பதற்காகப் பற்றவைத்த காது சிலவற்றில் இருக்கும். காது விழுந்த வடு சிலவற்றில் இருக்கும். நாணயம் சேர்க்கும் பித்துப் பிடித்த நாம், இவற்றைத் தேடி அட்டனிலிருந்து நுவரெலியா வரை அலைந்ததுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து மூதாட்டி நம்மைத் தேடி வந்தார். பேத்தியின் படிப்புச் செலவுக்காக ஒன்பது ரூபாய்களை விற்க எண்ணிப் பட்டணத்துக் கடையொன்றில் காட்டினாராம். கடைக்காரர் ஏழு காசுகளை நிறைக்கு எடுத்துக் கொள்வதாகச் சொல்லி, மற்ற இரண்டும் கள்ளக்காசு, அவற்றைச் சும்மா கொடுத்துவிட்டால் அழித்துவிடுவதாகவும் சொன்னாராம். அழிப்பதில் அவருக்கு அத்தனை அக்கறை ஏன் என்று நமக்கு ஐயம் எழுந்தது. மூதாட்டியின் கவலையோ வேறு.

“இது எங்க மாமியாரு குடுத்த காசுங்க ஐயா. அவங்களுக்கு அவங்க மாமியாரு குடுத்தது. அவங்க கள்ளக்காசு வச்சிருந்தாங்கன்னு சொன்னா நான் எப்படித் தாங்குவேன்?” என்றார்.

இந்திய ரூபாய் இந்த மலைகளுக்கு எவ்வாறு வந்தது என்பதை இங்கே சிறிது கூறவேண்டும். 1836ஆம் ஆண்டிலேயே அது இலங்கையில் சட்டப்படி செல்லும் நாணயமாயிற்று. 1872இல் ரூபாயும் சதமும் கொண்ட தசமக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது, சதக் காசுகளை இலங்கைப் பெயரில் அடித்தார்களேயன்றி ரூபாய்க்கு இந்திய நாணயத்தையே வைத்துக் கொண்டார்கள். இலங்கை தன் பெயரில் ஒரு ரூபாய் நாணயம் அடித்தது 1957இல், புத்த ஜயந்தியின்போதுதான். கடல் கடந்து கோப்பித் தோட்டத்திற்கு வந்தவர்களுக்கு இது வசதியாயிருந்தது; இங்கே உழைத்த காசு ஊரிலும் அப்படியே செல்லும். 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுக்களை வைத்திருந்தவர்கள் அலறியடித்துக் கொண்டு ஓட, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கமே அந்த நோட்டுக்களுக்குப் பொறுப்பேற்கும் என்று அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய காலத்தில், தட்டினால் ஒலிக்கும் வெள்ளியை மக்கள் பெட்டிக்குள் பூட்டியதில் வியப்பென்ன?

மூதாட்டியின் ஒன்பது காசுகளையும் மேசைமேல் பரப்பினோம். 1835 முதல் 1945 வரை அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாயின் நிறை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். காது பற்றவைத்தது கூடலாம். ஏழு காசுகள் இந்தக் கணக்குக்குள் அடங்கின. கடைக்காரர் ஒதுக்கிய இரண்டில் முதலாவது, ஜார்ஜ் மன்னர் தலை பொறித்தது, 9.3 கிராமே இருந்தது. விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். அச்சில் அடித்த நாணயத்தின் விளிம்பு வரிகள் கூர்மையாக, ஒரே சீராக நிற்கும். இதிலோ வரிகள் மழுங்கியிருந்தன. இரண்டு பாதிகளாகச் செய்த வார்ப்பு அச்சு கூடிய இடத்தில் ஓடும் தழும்பை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். மன்னரின் தாடி மெழுகுபோல் குழைந்திருந்தது. முகத்திலே ஊசிமுனைக் குழிகள். உருக்கிய உலோகத்தில் அகப்பட்ட காற்று விட்டுச்சென்றவை அவை. ஐயமேயில்லை, வார்த்தெடுத்த கள்ளக்காசுதான்.

இரண்டாவதை எடுத்தோம். ஒரு பக்கம் ஜார்ஜ் மன்னரின் தலை புடைத்து நின்றது. மறுபக்கம் அதே தலை, இட வலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஆண்டும் இல்லை, ஒரு ரூபாய் என்ற எழுத்தும் இல்லை. நம் கை சற்று நடுங்கியதை மறைப்பதற்கில்லை.

அக்கசாலையில் அடிக்கும்போது, முன்னே அடித்த காசு சில வேளை வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக் கொள்ளும். அடுத்த வெள்ளித் தகடு வந்து விழுகையில், ஒட்டிய காசே ஒருபக்க அச்சாக அமைந்து தன் முகத்தைப் பள்ளமாகப் பதித்து விடும். இதுவே பிழைக்காசு. சோதிப்பவர் கண்ணில் தப்பி வெளியே வந்தவை வெகு சொற்பம். கள்ளக்காசு செய்பவன் பிறர் கண்ணை ஏய்க்க விரும்புகிறவன். மதிப்பையே பொறிக்காத ரூபாயை அவன் ஏன் செய்வான்?

ஆயினும் சேகரிப்போரை ஏய்க்க இதையும் போலியாகச் செய்வதுண்டு. நல்ல காசு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடிகருவியில் நெருக்குவார்கள். அவ்வாறு செய்தால் பள்ளம் ஆழமிராது. அதன் அடியில் பழைய எழுத்தின் சுவடு தெரியும். எதிர்ப்பக்கத்துத் தலை நசுங்கித் தட்டையாகும். மூதாட்டியின் காசில் இவை ஒன்றுமில்லை. பின்னர் நூலில் கட்டி, தராசின்மேல் வைத்த நீர்க் கிண்ணத்தில், அடியைத் தொடாமல் அமிழ்த்திப் பார்த்தோம். தராசு 1.13 கிராம் ஏறிற்று. காசின் நிறையை அதனால் வகுத்தால் 10.3 வருகிறது, நூற்றுக்குத் 91.67 பங்கு வெள்ளி கலந்த ரூபாயின் அடர்த்தி அதுவேயாகும். பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் எட்டரைக்குமேல் வருவது அரிது.

நேயர்கள் வீட்டிலும் இத்தகைய முடிச்சு இருக்கக்கூடுமாதலால் ஓரிரு விஷயங்கள் சொல்கிறோம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்கள் நிறம் மங்கியிருப்பதால் கள்ளக்காசு என்று ஒதுக்கவேண்டாம்; யுத்தகால வெள்ளித் தட்டுப்பாட்டினால் பாதியளவே வெள்ளி சேர்த்தார்கள். கள்ளர்களைத் தடுக்கவென்றே அவற்றின் விளிம்பில் தனி வேலைப்பாடும் செய்தார்கள். 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் மேலங்கியிலிருந்த யானை பன்றிபோல் தோன்றிற்று என்று முஸ்லிம்கள் மனம் வருந்த, வெளியிட்டவை போக எஞ்சியவற்றை உருக்கிவிட்டு, யானையைத் திருத்தி அடித்தார்கள். இக்காலத்தில் இரும்பில் செய்த போலிகளும் உலவுகின்றன. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி ரூபாயன்று. அப்பால், தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுப் பழங்காசைத் துலக்காதீர்கள்! துலக்கிய காசைக் காணும்போது நமக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பிழைக்காசை வெள்ளி விலைக்கே வாங்கியிருக்கலாம் என்ற ஆசை நமக்கு எழவில்லை என்றால் அது பொய். மூதாட்டிக்கு விலை தெரியாது, நமக்குத் தெரியும். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் உண்மையைச் சொல்லி, கொழும்பிலுள்ள சேகரிப்பாளர் இருவரிடம் காட்டச் செய்தோம். மற்ற ஏழு காசுகளும் சேர்ந்து பெற்றதைவிட அந்த ஒன்று அதிகம் பெற்றது.

வார்ப்புக் காசை ஆய்வுக்காக நம்மிடமே விட்டுச்செல்லுமாறு கேட்டோம். மூதாட்டி தலையசைத்து மறுத்து, அதை மஞ்சள் துணியில் மீண்டும் முடிந்துகொண்டார்.

“இது கூலியா வாங்கின காசுதானே ஐயா. குடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார்.