நான்கு மீட்டர் தாழ்ந்த தென்முனை: கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தின் சாட்சியம்

புது தில்லி: நாட்டின் தென்கோடி எது என்று கேட்டால் கன்னியாகுமரி என்றே பலரும் கூறுவர். ஆனால் அது பெருநிலப்பரப்பின் முனை மட்டுமே. இந்திய மண் உண்மையில் முடிவது கிரேட் நிகோபார் தீவிலுள்ள இந்திரா முனையில். அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு வெகு தொலைவில் இல்லை.

காற்று ஓயாத அந்த முனையில் 1972-ல் எழுப்பப்பட்டது கலங்கரை விளக்கம். மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்டுவது அதன் பணி. பிக்மேலியன் முனை என்று அழைக்கப்பட்ட அவ்விடத்துக்கு 1984-ல் பிரதமர் இந்திரா காந்தி சென்றார். மறு ஆண்டு அவரது பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

இந்த முனையைக் காணச் செல்வது எளிதல்ல. ஸ்ரீ விஜயபுரம் என 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து கப்பலிலோ, ஹெலிகாப்டரிலோ கேம்பல் விரிகுடாவை அடைய வேண்டும். அதற்குத் தெற்கே செல்ல நிர்வாகத்தின் அனுமதி தேவை. முனைக்குச் சென்ற சாலையின் தென்பகுதியைச் சுனாமி சிதைத்துவிட்டது.

தாழ்ந்த நிலம்: 2004 டிசம்பர் 26-ம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் கீழே இறங்கியது. அலை திரும்பிச் சென்றது. இறங்கிய நிலம் மேலெழவில்லை. கரையில் நின்ற கோபுரத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. விளக்கத்தின் ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினரும், ஆமைகளை ஆராய வந்தவர்களும் உயிரிழந்தனர். கோபுரம் மட்டும் சாயவில்லை. பின்னர் அது பழுது பார்க்கப்பட்டு, விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது.

ரூ.72 ஆயிரம் கோடி திட்டம்: இம்முனைக்குச் சற்று வடக்கே உள்ளது கலாத்தியா விரிகுடா. உலகின் மிகப் பெரிய கடலாமை இனமான ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கரை அது. அங்குதான் சரக்குப் பெட்டகப் பரிமாற்றத் துறைமுகம் அமைக்க மத்திய அரசு திட்டமிட்டுள்ளது. விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவையும் அடங்கிய இத்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. இதற்காக 130.75 சதுர கி.மீ. வனநிலம் ஒதுக்கப்படுகிறது. சுமார் 9.64 லட்சம் மரங்கள் பாதிக்கப்படலாம் என நாடாளுமன்றத்தில் 2023-ல் அரசு தெரிவித்தது.

இந்தியச் சரக்குகள் கொழும்பு, சிங்கப்பூர் வழியாக மாற்றி ஏற்றப்படுவதைக் குறைக்கவும், பாதுகாப்புக்காகவும் இத்துறைமுகம் அவசியம் என்பது அரசின் வாதம். பாதிப்புகளைக் குறைக்க நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளதாகவும் அது கூறுகிறது.

பழங்குடியினரின் கோரிக்கை: சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்கு மாற்றப்பட்ட நிகோபாரியர்கள், தங்கள் பழைய கிராமங்களுக்குத் திரும்பவே விரும்புகின்றனர். திட்டத்துக்கு அளித்த ஒப்புதலை அவர்களது பழங்குடியினர் குழு 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. தீவின் உட்காடுகளில் ஷொம்பென் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1969 முதல் இங்கு குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எனவே இது தமிழகத்துக்குத் தொடர்பில்லாத தீவு அல்ல.

சட்டம் சொல்வது: அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் இடம்பெற்றவை கலங்கரை விளக்கங்கள். 1927-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களை அடையாளம் கண்டு பேணவும் வகை செய்கிறது.

இந்திரா முனைக் கோபுரத்துக்கு வயது அதிகமில்லை. ஆனால் நிலநடுக்கம் இத்தீவை என்ன செய்யும் என்பதை அளந்து காட்டும் கல் அதுவே. அதன் அருகிலேயே துறைமுகமும் நகரமும் எழுப்பப்பட உள்ள நிலையில், நிலம் மீண்டும் தாழ்ந்தால் என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு அவையில் விரிவான விவாதம் தேவை.