விளையாத நிலமும் விருந்தினர் குடிலும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு வடக்கே அமைந்த மஸ்கோகா ஏரிப் பகுதி இன்று கோடை விடுமுறைக்குப் பெயர்பெற்றதாயினும், அங்கு குடும்பங்கள் நடத்திய ஏரிக்கரைக் குடில்களின் வரலாறு உழவின் தோல்வியிலிருந்தே தொடங்குகிறது. அனிஷினாபே பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்த இந்நிலத்தில் வெள்ளையர்களைக் குடியமர்த்த விரும்பிய மாகாண அரசு, 1868இல் இலவச நிலக்கொடைச் சட்டத்தை இயற்றி, ஐந்தாண்டுகளுக்குள் 15 ஏக்கர் காட்டைத் திருத்தி வீடு கட்டுவோருக்கு 100 ஏக்கர் நிலம் அளித்தது. ஆனால் இப்பகுதி, கனடியக் கேடயம் எனப்படும் மிகத் தொன்மையான பாறைப் பரப்பின் மீது அமைந்திருப்பதாலும், பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாறைகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றதாலும், காட்டை அழித்தவர்களுக்குக் கல்லே மிஞ்சியது.

எனினும் 1866இல் ஏரியில் இறங்கிய வெனோனா என்னும் நீராவிக் கப்பலும், 1875இல் கிரேவன்ஹர்ஸ்ட் ஊரை எட்டிய இருப்புப்பாதையும் மீன்பிடிக்கவும் நகர வெக்கையிலிருந்து ஒதுங்கவும் விரும்பியவர்களைக் கரைகளுக்குக் கொண்டுவந்தன. சந்தைக்கு அனுப்பப் போதாத பாலும் முட்டையும் காய்கறியும் விருந்தினரின் பந்திக்குப் போதுமானவையாக இருந்தமையால், உழவர்கள் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டனர். பின்னாளில் புகழ்பெற்ற கிளீவ்லண்ட்ஸ் ஹவுஸ், விண்டர்மியர் ஹவுஸ் ஆகிய விடுதிகளும் இவ்வாறு பண்ணை வீடுகளாகத் தொடங்கியவையே. சமையலும் சலவையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பால் நடந்தன. குளிர்காலத்தில் உறைந்த ஏரியிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டிகள் மரத்தூளுக்குள் புதைக்கப்பட்டு, கோடையில் உணவைக் கெடாமல் காத்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காரும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் பரவலாகவே, விருந்தினரும் மாறினர். பொதுப் பந்தியை நாடாமல் தாமே சமைத்து உண்ண விரும்பிய நடுத்தரக் குடும்பங்களுக்காக, அடுக்களையுடன் கூடிய சிறு மரக்குடில்கள் கரையோரம் வரிசையாக எழுந்து, வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்பட்டன.

இக்குடில்களால் மதிப்புப் பெற்ற கரையே பின்னர் அவற்றுக்குச் சுமையாயிற்று. 1972இல் கனடா அறிமுகப்படுத்திய மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தின் விலையேற்றத்தின் மீதான வரி, உரிமையாளர் இறக்கும்போது சொத்து சந்தை விலைக்கு விற்கப்பட்டதாகவே கருதிக் கணக்கிடப்படுகிறது. முன்னோர் இலவசமாகப் பெற்ற நிலம், பிள்ளைகள் வரி செலுத்தித் தக்கவைக்க இயலாத அளவுக்கு விலை உயர்ந்துவிடும்போது, விளையாத மண்ணில் வேரூன்றிய தொழிலை அந்த மண்ணின் விலையே பெயர்த்துவிடுகிறது.