ரசீதை நாமே படிக்கணும்! 20 மணி நேரம் ஒதுக்கினால் கணினி கைவசம்

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் மஞ்சள் பையோடு என் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

“சார், பக்கத்துப் புஞ்சைக்காரனுக்குப் பயிர் இன்சூரன்ஸ் பணம் ஏறிட்டு. எனக்கு ஏறல. ரெண்டு பேரும் ஒரே வாரத்துலதான் உளுந்து விதைச்சோம். ஒரே மழையிலதான் அழுகுச்சு. எனக்கு மட்டும் ஏன் சார் வரல?”

பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்துக் கொடுத்தார். பெயர் சரி. வங்கிக் கணக்கு எண் சரி. பயிர் சரி. கட்டிய தொகையும் சரி. கிராமத்தின் பெயரில்தான் கோளாறு. ஏறக்குறைய அதே பெயர் கொண்ட, வேறொரு குறுவட்டத்தில் இருக்கும் ஊர் அதில் பதிவாகியிருந்தது. பதிவு செய்தவர் பட்டியலில் ஒரு வரி தள்ளி அழுத்தியிருக்கிறார்.

பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாகக் கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தையோ குறுவட்டத்தையோ ஓர் அலகாக வைத்து, அங்கே பயிர் அறுவடைப் பரிசோதனை செய்துதான் இழப்பீட்டை முடிவு செய்கிறார்கள். ஊர் மாறினால் எல்லாமே மாறிவிடும். அவருடைய சொந்த ஊருக்கு இழப்பீடு வந்தது. ரசீதில் இருந்த ஊருக்கு வரவில்லை.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பணம் கட்டிய மறுநாளே அந்த ரசீதை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருந்தார். “கட்டிட்டீங்கல்லா, பத்திரமா வைங்க அண்ணாச்சி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த நான் படிக்கவில்லை. கடைசித் தேதிக்கு முன் கண்டுபிடித்திருந்தால் திருத்த வழி இருந்தது.

கயிறு யார் கையில்?

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் வேளாண்மைப் பட்டம் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் யாரும் கணினியைத் தொட்டது கிடையாது. வேலைக்கு வந்த பிறகு, மானியப் பதிவெல்லாம் கணினிக்கு மாறியபோது எனக்குக் கை நடுங்கியது. என் பாஸ்வேர்டை ஓர் இளைஞரிடம் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் நல்லவர், என் அதிர்ஷ்டம். கடைசியில் வெட்கத்தை விட்டு, என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். கடலுக்குள் மூழ்குகிறவர், மேலே தோணியில் கயிறு பிடிக்கும் வேலையை மச்சானிடம்தான் கொடுப்பாராம். தன் அக்கா, தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதே என்று அவன் கயிற்றை விடமாட்டான் என்கிற கணக்கு. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இன்றைக்கும் பொருந்தும். நம்முடைய ஆதார், வங்கிக் கணக்கு, பட்டா, ஓ.டி.பி. எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய கயிறு. அதை யார் யார் கையிலோ கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கிறோம்.

“எம் மவன் பாத்துக்கிடுவான்” என்று பலர் சொல்கிறார்கள். மகன் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறான். ஓ.டி.பி. வருவது உங்கள் செல்போனுக்கு. அதைச் சரியாகப் பார்த்துச் சொல்லவாவது தெரிய வேண்டாமா?

சமுதாயக் கல்லூரி யாருக்கு?

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி என்கிற முறை 1995-ல் புதுச்சேரியிலும், 1996-ல் சென்னையிலும் தொடங்கியது. பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்கள், வேலைக்குப் போகிற பெண்கள், வயதில் மூத்தவர்கள் எனப் பெரிய கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்காகவே உருவான முறை இது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி மூன்றும் சேர்ந்தது. அடிப்படைக் கணினிப் பாடமும் இங்கே பொதுவாகச் சொல்லித்தரும் ஒன்று.

கிராம மக்களுக்கென்று மத்திய அரசு 2017-ல் ஒரு கணினி எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒருவர், வயது 14 முதல் 60 வரை, மொத்தம் 20 மணி நேரம், கட்டணம் இல்லை. நாடு முழுவதும் 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றார்கள். 2024 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. ஆனால் அது காட்டிய அளவு நல்ல அளவு. 20 மணி நேரத்தில் கணினி நிபுணர் ஆக முடியாது. ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொள்ள முடியும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரி அனுபவத்தைச் சொல்வேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மையங்களை நடத்தியவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். மக்கள் ஓடிப்போய் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறித் தப்பியது. செய்தி கைக்கு வருவதும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் ஊருக்குள் இருப்பதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

20 மணி நேரத்தில் என்ன படிக்கலாம்?

விவசாயக் குடும்பத்துக்கு என்று நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது. வகுப்பில் சேரும்போது இந்தப் பட்டியலைக் கையில் கொண்டுபோய், “இதெல்லாம் சொல்லித் தருவீர்களா?” என்று கேளுங்கள்.

முதல் 3 மணி நேரம்: கணினியை இயக்கி நிறுத்துவது, மவுஸ் பிடிப்பது, கோப்பைச் சேமித்து மறுபடி தேடி எடுப்பது. மவுஸ் கைக்கு அடங்க இரண்டு நாள் ஆகும். கலப்பை பிடித்த கைக்கு அது ஒன்றும் பெரிதல்ல.

அடுத்த 3 மணி நேரம்: தமிழில் தட்டச்சு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருவான ‘தமிழ்99’ விசைப்பலகை கற்க எளிது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். செல்போனில் என்றால், பேசினால் தமிழில் எழுத்தாக்கும் வசதியும் உண்டு.

அடுத்த 4 மணி நேரம்: நில ஆவணங்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்துப் பட்டா, சிட்டாவை நீங்களே பார்க்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று விவரத்தையும் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். வகுப்பில் உங்கள் சொந்தப் பட்டாவையே எடுத்துப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை, பரப்பளவில் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பல குடும்பங்களின் காகிதங்கள் கூழாகிவிட்டன. கணினியில் இருக்கும் ஆவணம் நனையாது.

அடுத்த 5 மணி நேரம்: வேளாண்மைச் சேவைகள். 2018 முதல் இருக்கும் உழவன் செயலியில் மானியத் திட்டம், உரம் மற்றும் விதை இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை, வானிலை எல்லாம் தமிழில் உள்ளன. பயிர்க் காப்பீட்டு இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து அதன் நிலையைப் பார்க்கலாம். பி.எம்.கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 வருகிறது. எந்தத் தவணை நின்றது, ஏன் நின்றது என்பதையும் பார்க்கலாம்.

கடைசி 5 மணி நேரம்: பணமும் பாதுகாப்பும். இதை மட்டும் தூங்காமல் கேளுங்கள். யு.பி.ஐ. மூலம் நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. “பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்க” என்று யாராவது சொன்னால் அவர் எடுக்கத்தான் வந்திருக்கிறார், கொடுக்க அல்ல. வங்கி, வேளாண்மைத் துறை, எந்த அலுவலகமும் போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்காது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

எப்போது சேரலாம்?

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டியது நேரம். கரிசல் மானாவாரிக்காரர்களுக்கு மாசிக்கு மேல் வேலை குறைவு. விசைப்படகு மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில்தான் ஓய்வு. உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவருக்குக் கோடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. பத்து, இருபது பேராகச் சேர்ந்து, மகளிர் குழு மூலமாகவோ உழவர் உற்பத்தியாளர் குழு மூலமாகவோ போய்க் கேளுங்கள். உங்களுக்குத் தோதான மாதத்தில் வகுப்பு வைக்கச் சொல்லுங்கள்.

சேரும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆளுக்கு ஒரு கணினி உண்டா? பாடம் தமிழிலா? மொத்தக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா? சான்றிதழ் கொடுப்பது யார்? ஒரு கணினியைச் சுற்றி ஐந்து பேர் நின்று பார்க்கிற வகுப்பு என்றால், வேறு இடம் பாருங்கள். நீச்சலைக் கரையில் நின்று படிக்க முடியாது.

வாசகர் கேள்விகள்

எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். ஆங்கிலம் வராது. வயது 54. சேர முடியுமா?

தாராளமாக. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். உழவன் செயலியும் பட்டா இணையதளமும் தமிழிலேயே இருக்கின்றன. நான் கற்றபோது எனக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது.

இதற்காகக் கணினி வாங்க வேண்டுமா?

வேண்டாம். வகுப்பில் கணினியில் கற்றதைப் பெரும்பாலும் செல்போனிலேயே செய்யலாம். அச்சுப் பிரதி தேவைப்பட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஆனால் திரையில் இருப்பதைப் படித்துப் பார்த்து, அதன் பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

பி.எம்.கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செயலி வந்தது. தொடலாமா?

தொடாதீர்கள். ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பு யார் அனுப்பினாலும், சொந்தக்காரரே அனுப்பினாலும், திறக்க வேண்டாம். அது உங்கள் குறுஞ்செய்திகளையும் ஓ.டி.பி.யையும் திருடும். செயலியைப் பிளே ஸ்டோரில் தேடி, வெளியிட்டது அரசுதானா என்று பார்த்து இறக்குங்கள்.

மத்திய அரசின் இலவசக் கணினிப் பயிற்சிக்கு ஒருவர் 500 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

நான் மேலே சொன்ன 20 மணி நேரத் திட்டம் முடிந்துவிட்டது. இருந்த காலத்திலும் அதற்குக் கட்டணம் கிடையாது. அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பயிர்க் காப்பீட்டுச் சந்தேகத்துக்கு யாரை அழைப்பது?

14447 என்ற உதவி எண் உண்டு. விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பொதுவான வேளாண்மைச் சந்தேகங்களுக்கு உழவர் அழைப்பு மையம்: 1800-180-1551.

அந்த உளுந்து விவசாயி வகுப்புக்குப் போனாரா என்று கேட்பீர்கள். அவர் போகவில்லை. “எனக்கு வராது சார்” என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி மகளிர் குழுவோடு சேர்ந்து மாலை வகுப்புக்குப் போனார். அடுத்த விதைப்பில் இருவரும் ரசீதோடு வந்தார்கள். இந்த முறை நான் அதை வாங்கிப் படிக்கக் கையை நீட்டினேன். அந்த அம்மா கொடுக்கவில்லை.

“இருங்க சார், நான் வாசிக்கேன்” என்று ஊர்ப் பெயர், குறுவட்டம், புல எண், பரப்பு, கணக்கு எண் என்று விரல் வைத்து வரிசையாக வாசித்தார். எல்லாம் சரியாக இருந்தது.