புறாத்தீவின் பவளக் கடல்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையில் நின்று கடலை நோக்கினால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில், மாடப்புறாக்கள் வாசம் செய்வதனால் பெயர்பெற்ற புறாத்தீவு தென்படும். 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் இத்தீவுக்கு, வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையில் படகேறிச் செல்வது சுலபம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, இடுப்பளவு நீரைக் கடந்து முகத்தை அமிழ்த்திய மாத்திரத்தில், மான்கொம்பெனக் கிளைத்த பவளங்களும், அவற்றைக் கொறித்துத் திரியும் பச்சைக் கிளிமீன்களும், செட்டை நுனியில் மை தொட்டாற்போன்ற கறுப்புடைய சுறாக்களும் பிரத்தியட்சமாகும். மனிதரைக் கண்டால் இச்சுறாக்கள் பெரும்பாலும் விலகிப் போய்விடும். பவளமோ விலகமாட்டாத ஜீவன். மிதித்தொடித்த கிளை மீண்டும் வளர வெகுகாலம் செல்லும். ஆகையால், அன்பர்களே, எவ்வளவு களைத்தாலும் அதன்மேல் கால் ஊன்றாமல், மிதந்தே கரைசேருங்கள்.