காதுவலி தந்த இசைத்தட்டு

இந்தக் கட்டுரையைச் சாப்பாட்டு வேளையில் படிக்காமலிருப்பது உத்தமம்.

வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பையன் காதில் மாட்டிக்கொண்டிருக்கும் கருவியிலிருந்து என்றைக்காவது பன்றி உறுமுவது போலவும், மாவு மில் ஓடுவது போலவும் ஒரு சத்தம் கசிந்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். "என்னடா இது கண்றாவி?" என்று கேட்டால், "கோர்கிரைண்ட், அம்மா" என்று பதில் வரும். 'கோர்' என்றால் உறைந்த இரத்தம். 'கிரைண்ட்' என்றால் அரைப்பது. பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிடத்தான் தோன்றும். ஆனால் இந்தச் சங்கீதத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் ஒரு விசித்திரம் தெரிய வருகிறது. இதைத் தொடங்கி வைத்த கோஷ்டியில் பாட்டெழுதியவரும் கிட்டார் வாசித்தவரும் மாமிசம் தொடாதவர்கள்!

பீட்டில்ஸ் கோஷ்டியைத் தந்த அதே லிவர்ப்பூல் வட்டாரந்தான். கென் ஓவன், பில் ஸ்டீயர், ஜெஃப் வாக்கர் என்று மூன்று பிள்ளைகள். 1988-ல் இவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது மூவருக்குமே இருபது வயது நிரம்பவில்லை. கோஷ்டியின் பெயர் 'கார்க்கஸ்', அதாவது செத்த மிருகத்தின் உடல். தட்டின் பெயர் 'ரீக் ஆஃப் ப்யூட்ரிஃபாக்ஷன்'. அழுகலின் துர்நாற்றம் என்று சொல்லலாம். வெளியிட்ட நாட்டிங்ஹாம் கம்பெனியின் பெயரோ 'இயர்ஏக்', காதுவலி! பெயர் வைப்பதில் மட்டும் அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை.

ஏறக்குறைய 40 நிமிஷத்தில் 22 பாட்டுகள். தலைப்புகளைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிடுவதற்கில்லை. காதல், பிரிவு, நிலவு எதுவும் கிடையாது. எல்லாம் சீழ், கட்டி, பிரேதப் பரிசோதனை. இந்த வார்த்தைகளெல்லாம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தன என்கிறீர்களா? வாக்கரின் சகோதரி ஒரு நர்ஸ். அவருடைய வைத்திய அகராதியைத் தம்பிப் பிள்ளைகள் புரட்டிப் புரட்டிப் பாட்டுக் கட்டினார்கள். ஆகவே, பேட்டை ரௌடியின் வசவு போல ஒலிக்கும் அந்த உறுமலைத் தாளில் படித்தால், மருத்துவக் கல்லூரிப் பாடம் போல் இருக்கிறது. மேலட்டையிலும் வைத்தியப் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பிணங்களின் படங்கள். பின்னாளில் சில பதிப்புகளுக்கு வேறு அட்டை போட்டார்கள். கடைக்காரர்களின் சங்கடம் நமக்குப் புரிகிறது.

சத்தத்துக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. தம்பூராவின் தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்குகிறதல்லவா? இவர்கள் கிட்டார் தந்திகளை வழக்கத்தைவிட மிகவும் தளர்த்திக் கட்டி, சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கினார்கள். அதன்மேல் கென் ஓவனின் டிரம் புயலாகப் பாய்கிறது. மூவருமே பாடுகிறார்கள்: ஒருவர் கீச்சென்று, மற்றவர் அடிவயிற்றிலிருந்து. ஆனால் பர்மிங்ஹாம் ஸ்டூடியோ ஒன்றில் பதிவானபோது டிரம் ஒலி கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. அதில் அவர்களுக்கே மனத்தாங்கல்தான். ஆனால் அந்தச் சேறு படிந்த ஒலியையே பிற்பாடு வந்த கோஷ்டிகள் இலக்கணமாக வைத்துக்கொண்டார்கள். சமையலில் அடிப்பிடித்ததையே ருசி என்று ஊரார் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது போல!

இந்தத் தட்டுக்கு ஒரு பெரிய மனிதரின் ஆசீர்வாதமும் கிடைத்தது. பி.பி.சி. ரேடியோவில் புதிய இசைத்தட்டுகளை அறிமுகம் செய்துவந்த ஜான் பீல், அப்போது 49 வயதுக்காரர், நான்கு குழந்தைகளின் தகப்பனார். 1988-ல் தமக்கு மிகவும் பிடித்த தட்டு இதுதான் என்று 'அப்ஸர்வர்' பத்திரிகையில் அறிவித்துவிட்டார். 2004-ல் அவர் காலமாகும் வரை, வேறு யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளைகளுக்கு அவருடைய ரேடியோ நிகழ்ச்சி திறந்த வீடாக இருந்தது.

சரி, புலால் உண்ணாதவர்களுக்கு ஏன் இந்தப் பிண ஆசை? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கசாப்புக் கடையில் தொங்குவதும் சவக்கிடங்கில் கிடப்பதும் ஒரே தசைதானே என்பது அவர்கள் கேள்வி. ஒன்றைக் கண்டு வாயில் நீர் ஊறுகிறது, மற்றதைக் கண்டு குமட்டுகிறது என்றால், அந்தக் குமட்டலைக் கொஞ்சம் யோசித்துப் பார் என்கிறார்கள். நமக்கு இது அடியோடு புதிதுமல்ல. கலிங்கத்துப் பரணியில் ஜெயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் சமைக்க வைத்துப் பந்தியும் போடுகிறார். அந்தப் பந்தியில் உயிர்க்கொலை செய்யாத சமணப் பேய்க்கு, மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, வடிகட்டி ஊற்றச் சொல்கிறார்! சைவக்காரரும் பிணக்கூழும் ஒரே பந்தியில் அமரும் வேடிக்கை நம் புலவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

வித்து ஒன்று, முளைத்தவை பல. ஸ்வீடனில் 'ஜெனரல் ஸர்ஜரி' என்றே ஒரு கோஷ்டி கிளம்பியது. செக் நாட்டின் டுருட்னோவ் ஊரில் இவ்வகை இசைக்காகவே விழா நடக்கிறது. அங்கே விற்கும் சாப்பாடு முழுதும் சைவம். ஆனால் கண்ணியமில்லாத வாரிசுகளும் உண்டு. அகராதியைக் கீழே போட்டுவிட்டு, பெண்ணைச் சித்திரவதை செய்வதையே வேடிக்கையாகப் பாடுகிற கோஷ்டிகள் அவை. அந்தத் தட்டுகள் என் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. தாய்மார்களுக்கு ஒரு யோசனை: சத்தத்தைக் கேட்டு முடிவு கட்டாதீர்கள், பாட்டு வரிகளை வாங்கிப் படியுங்கள். எது எந்த ரகம் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கார்க்கஸ் கோஷ்டி 1990-களின் நடுவில் கலைந்தது. 1999-ல் டிரம் வாசித்த கென் ஓவனுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. பல மாதங்கள் நினைவின்றிக் கிடந்தார். அகராதியில் தேடி எடுத்து, விளையாட்டாகக் கத்திய வார்த்தைகள், இப்போது படுக்கையின் பக்கத்தில் நின்று டாக்டர்கள் மெதுவாகப் பேசும் வார்த்தைகளாகிவிட்டன. பிழைத்தார். பழைய வேகத்தில் வாசிக்கக் கைகள் இடம் கொடுக்கவில்லை. 2008-ல் நண்பர்கள் மறுபடி மேடையேறியபோது டிரம்மில் வேறொருவர் அமர்ந்தார். நடுவில் ஓவனை அழைத்துச் சில நிமிஷம் தனியாக வாசிக்க வைத்தார்கள். அப்போது கூட்டம் அடித்த ஆரவாரம் கொஞ்சமல்ல. 2013-ல் வந்த தட்டில் பின்குரலும் கொடுத்தார்.

2021-ல் கோஷ்டியின் புதிய தட்டு வந்தது. அட்டையில் பிணம் இல்லை; காய்கறிகளால் அடுக்கிச் செய்த ஓர் இதயம், வெள்ளைப் பின்னணியில். பிரேதம் படிப்படியாக அழிவதை வரையும் பழைய ஜப்பானியச் சித்திர மரபைப் பின்பற்றி, அந்தக் காய்கறி இதயம் அழுகுவதையும் படம் படமாகக் காட்டியிருக்கிறார்கள். தட்டின் பெயர் 'டார்ன் ஆர்ட்டரீஸ்', கிழிந்த தமனிகள். சிறு வயதில் கென் ஓவன் தனியே பதிவு செய்த ஒரு டேப்புக்கு வைத்திருந்த பெயர் அது.