எல்லை தாண்டும் சக்கரங்கள் – 11: பத்தாம் எண் டிராம்

போன வாரம் ஹாம்பர்க். 1965-இல் அங்கே தனித்தனியாக ஓடிய நிறுவனங்கள் ஒரே பயணச்சீட்டுக்குள் வந்த கதை நினைவிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் செலவை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்பதை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கான தகவல்களைத் தேடும்போது பாசல் நகரத்துப் பத்தாம் எண் டிராம் கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் ஜெர்மனியும் ஒன்றையொன்று தொடும் மூலையில் இருக்கிறது பாசல். வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு பத்தாம் எண் டிராமின் பாதையை விரலால் தொடருங்கள். சோலொத்தூர்ன் மாநிலத்து டோர்னாக்கில் கிளம்புகிறது. உடனே பாசல் நாட்டுப்புற மாநிலம். அடுத்து பாசல் நகர மாநிலம், ரயில் நிலையம், கடைத்தெரு. மறுபடி நாட்டுப்புற மாநிலம். மறுபடி சோலொத்தூர்ன். அதன் பிறகு பிரான்ஸ்! லேமன் என்ற பிரெஞ்சு கிராமத்தில் ஒரே ஒரு நிறுத்தம். அங்கிருந்து திரும்பவும் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, சோலொத்தூர்னைச் சேர்ந்த ரோடர்ஸ்டோர்ஃபில் போய் நிற்கிறது. ஏறத்தாழ 26 கிலோமீட்டரில் ஆறு முறை எல்லை தாண்டுகிறது. டோர்னாக்கில் ஏறியவர் கடைசி நிறுத்தம் வரை அதே சீட்டில், அதே இருக்கையில் போகலாம்.

இதன் பழங்கதை இன்னும் சுவையானது. பாசலிலிருந்து மேற்கே போகும் இந்தப் பாதை 1887-இல் சிறு ரயிலாகத் தொடங்கியது. ரோடர்ஸ்டோர்ஃப் வரை நீண்டது 1910-இல். அப்போது அல்சாஸ் ஜெர்மானியப் பேரரசின் கையில் இருந்ததால் லேமன் ஜெர்மனி. முதல் உலகப் போர் முடிந்ததும் அதே லேமன் பிரான்ஸ். 1940-இல் மறுபடி ஜெர்மானியர் கைக்குப் போய், போர் முடிவில் மறுபடி பிரான்ஸிடம் வந்தது. தண்டவாளம் என்னவோ கிடந்த இடத்திலேயே கிடந்தது.

சுவிட்சர்லாந்துக்குள்ளேயும் சண்டைக்குக் குறைவில்லை. பாசல் 1833-இல் ஆயுதம் ஏந்திச் சண்டையிட்டு நகரம், நாட்டுப்புறம் என்று இரண்டு மாநிலங்களாகப் பிரிந்தது. திரும்பச் சேரலாமா என்று 1969-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள், நாட்டுப்புறம் மறுத்துவிட்டது. ஆகவே இன்றும் நகரத்துக்குப் பச்சை டிராம், நாட்டுப்புறத்துக்கு மஞ்சள் டிராம், இரண்டுக்கும் தனித்தனி நிறுவனங்கள். ஆனால் மஞ்சள் டிராம் நகரத்தின் நடுவே ஓடுகிறது, பச்சை டிராம் நாட்டுப்புறத்துக்குப் போகிறது. 1984 முதல் ஒரே மாதச் சீட்டு இரண்டிலும் செல்லும். ஒரே அரசின் கீழ் வர மறுத்தவர்கள் ஒரே கால அட்டவணைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதே இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான். ஊர்கள் இணைந்தால்தான் போக்குவரத்து இணையும் என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர்களுக்கு பாசல் நல்ல பதில்.

எல்லாம் எப்போதும் நன்றாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கார் பெருகிய காலத்தில் அண்டை நாடுகளுக்குப் போன மற்ற டிராம்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெர்மனியின் லொராக் வரை ஓடியது 1967-இல் முடிந்தது. மறுபடி ஜெர்மனிக்குள் டிராம் நுழைய 2014 டிசம்பர் ஆயிற்று. எட்டாம் எண் வைல் அம் ரைன் வரை நீண்டது. 2017-இல் மூன்றாம் எண் பிரான்ஸின் சென் லூயிக்குப் போனது.

திரும்ப வந்ததற்கு முக்கியக் காரணம் பணம், அதைவிட அந்தப் பணத்துக்கு வைத்த நிபந்தனை. நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து, வீடு எங்கே, வேலை எங்கே, டிராம் எங்கே என்று ஒரே திட்டமாக எழுதிக் கொடுத்தால் சுவிஸ் நடுவண் அரசு செலவில் 30 முதல் 50 சதவீதம் வரை தரும். தனியாக வருபவருக்குக் கிடையாது. எல்லைக்கு அப்பால் போடும் தண்டவாளத்துக்கும் இந்த நிதி போகலாம். அதனால் ஜெர்மனியின் லொராக் மாவட்டமும் பிரான்ஸின் சென் லூயி வட்டாரமும் பாசலோடு ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் எழுதுகின்றன.

ஆனால் எந்த மேசையும் கணிக்காதது ஒன்று நடந்தது. எட்டாம் எண் ஓடத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மைய வங்கி, யூரோவுக்கு எதிராகப் பிராங்கைக் கட்டிப்போட்டிருந்த வரம்பைத் திடீரென்று விலக்கிக்கொண்டது. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் ஏறியது. வைலில் பாலும் இறைச்சியும் சோப்பும் சுவிஸ்காரர்களுக்கு மலிவாகின. ஜெர்மன் விற்பனை வரியைத் திரும்பப் பெற, சுங்கச்சாவடியில் முத்திரை வாங்கவேண்டிய பச்சைச் சீட்டோடு பைகளைச் சுமந்துகொண்டு சனிக்கிழமைகளில் டிராமை நிறைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களையும் எண்ணிப் போட்ட தடம், சந்தைக்குப் போகிற தடமாகிவிட்டது. 2020-இல் கொரோனாவுக்காக எல்லை மூடியபோது அதே டிராம் சுவிஸ் பக்கத்திலேயே திரும்பிக்கொண்டது.

பக்கம் தீர்ந்துவிட்டது. பச்சை டிராம் நாட்டுப்புறத்தில் ஓடிய கிலோமீட்டரையும் மஞ்சள் டிராம் நகரத்தில் ஓடிய கிலோமீட்டரையும் எதிரெதிரே வைத்துக் கழிக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. சொன்ன வாக்குப்படி செலவுப் பங்கீட்டை அங்கிருந்தே அடுத்த வாரம் தொடங்குகிறேன்.